உங்கள் ஊர் ஆற்றின் நீர்த்தர அறிக்கை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நாட்டின் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் ஒவ்வொரு முறையும், அதில் தம் ஊர் ஆற்றின் பெயரைக் காண்பவர்களுக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. வீட்டுக் குழாயில் வரும் நீரைக் குடிக்கலாமா? ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா? வீட்டில் சிறுநீரக நோயாளியோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ, கருவுற்ற பெண்ணோ, கைக்குழந்தையோ இருந்தால் இந்த ஐயங்கள் கவலையாகவே மாறிவிடுகின்றன.

இவ்விரு கேள்விகளுக்கும் அந்தப் பட்டியல் நேரடியாக விடை தருவதில்லை. அது வேறொரு நோக்கத்திற்காகத் தயாரிக்கப்படுவது. எனினும், அதில் உள்ள அளவீடுகள் எதைக் குறிக்கின்றன, எவற்றைக் குறிப்பதில்லை என்பதை அறிந்துகொண்டால், உங்கள் குடும்பத்தின் நலனுக்குத் தேவையான முடிவுகளை நீங்களே எடுக்க இயலும். அதற்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

பட்டியல் எவ்வாறு தயாரிக்கப்படுகிறது?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட மத்திய வாரியம், மாநில வாரியங்களின் துணையுடன் ஆறுகளின் குறிப்பிட்ட இடங்களில் நீர் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறது. பெரும்பாலான இடங்களில் மாதம் ஒருமுறையோ, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. ஓர் ஆற்றுப் பகுதியை மாசுபட்டதாக வகைப்படுத்துவதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்னும் ஒரே அளவீடு ஆகும். ஆங்கிலச் சுருக்கத்தில் இது பி.ஓ.டி. என அழைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் இது 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அப்பகுதி பட்டியலில் இடம்பெறுகிறது. 3 முதல் 6 வரை இருந்தால் ஐந்தாம் முன்னுரிமை. 30க்கு மேல் இருந்தால் உடனடி நடவடிக்கை வேண்டும் முதல் முன்னுரிமை.

நீரில் கலந்துள்ள கழிவைச் சிதைப்பதற்கு நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்பதே இந்த அளவீடு. கழிவு மிகுந்தால் இவ்வெண் உயரும். மீன்கள் மூச்சுவிடத் தேவையான ஆக்சிஜன் குறையும். 2022ஆம் ஆண்டு அறிக்கையில் ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடைப்பட்ட கூவம் ஆற்றில் இது லிட்டருக்கு 345 மில்லிகிராமாகப் பதிவாகியிருந்தது. வரம்பு 3 என்பதை நினைவிற்கொண்டால், அங்கு ஓடுவது ஏறத்தாழக் கழிவுநீரே என்பது விளங்கும்.

எண்ணிக்கை குறைந்தால் ஆறுகள் நலமடைந்துவிட்டனவா?

2018ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் 323 ஆறுகளில் 351 பகுதிகள் மாசுபட்டவையாகக் குறிக்கப்பட்டன. 2022இல் இது 279 ஆறுகளில் 311 பகுதிகளாகவும், 2025இல் 271 ஆறுகளில் 296 பகுதிகளாகவும் குறைந்தது. இக்காலத்தில் கண்காணிப்பும் விரிவடைந்தது: 2018இல் 521 ஆறுகளும் 2022இல் 603 ஆறுகளும் சோதிக்கப்பட்டன. அதாவது, சோதிக்கப்பட்ட ஆறுகளில் மாசுபட்டவற்றின் பங்கு 62 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆயினும், தேசிய அளவிலான இந்தக் குறைவு ஒவ்வொரு மாநிலத்திற்கும் பொருந்துவதில்லை. தமிழ்நாட்டில் 2018இல் காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகிய ஆறு ஆறுகளின் பகுதிகள் பட்டியலில் இருந்தன. 2022இல் அடையாறு, கூவம், பாலாறு, அமராவதி ஆகியவையும் சேர்ந்து எண்ணிக்கை 10 ஆனது. பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்வதால் மட்டும் அந்த ஆறு அண்மையில்தான் கெட்டது என்று கருதிவிட முடியாது. சென்னைவாசிகள் கூவத்தின் நிலையைப் பல பத்தாண்டுகளாக அறிவார்கள். எங்கே அளக்கிறோம், எத்தனை இடங்களில் அளக்கிறோம் என்பதையும் பொறுத்தே பட்டியல் அமைகிறது.

காலத் தாழ்வையும் கருத்திற்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு அறிக்கை 2019, 2021 ஆண்டுகளின் மாதிரிகளையும், 2025ஆம் ஆண்டு அறிக்கை 2022, 2023 ஆண்டுகளின் மாதிரிகளையும் அடிப்படையாகக் கொண்டவை. எனவே, ஆற்றைச் சீரமைக்கும் திட்டங்களுக்கு இவை பெரிதும் பயன்படுகின்றன. இன்று காலை ஆற்றில் ஓடும் நீரின் நிலையை இவற்றிலிருந்து அறிய முடியாது.

மாசின் முதன்மைக் காரணம் மறைவானதன்று. மத்திய வாரியம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 7,236.8 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது; அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023.6 கோடி லிட்டர் மட்டுமே. எஞ்சிய ஏறத்தாழ 72 விழுக்காடு கழிவுநீர் ஏதேனும் ஓர் ஓடையையோ, ஏரியையோ, ஆற்றையோ, நிலத்தையோ சென்றடைகிறது. வீட்டுக் கழிவறைகளிலிருந்து வரும் நீரும் இதில் அடக்கம் என்பதால்தான், ஆற்றின் நலம் மருத்துவத்தோடு தொடர்புடைய செய்தியாகிறது.

உங்கள் உடல்நலத்திற்கு முக்கியமான அளவீடு எது?

தொற்றுநோய் அச்சம் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது மலக் கோலிபார்ம் என்னும் மற்றோர் எண்ணை. மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் இருந்தால், அங்கு மலம் கலந்துள்ளது என்று பொருள். அப்படியெனில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளும் அங்கு இருக்க வாய்ப்புண்டு.

திறந்தவெளியில் குளிப்பதற்கு ஏற்ற நீரில், 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிபார்ம் 500க்குள் இருத்தல் விரும்பத்தக்கது. 2,500க்கு மேல் இருத்தல் கூடாது. கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராமும், அமில-காரக் குறியீடு 6.5க்கும் 8.5க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் இதைவிடக் கடுமையானது: 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படலாகாது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முன்னுரிமைப் பட்டியல் பி.ஓ.டி. அளவை மட்டுமே பார்க்கிறது. நீரோட்டம் மிகுந்த ஓர் ஆற்றில் அந்த அளவு 3க்குக் கீழ் இருந்து, மலக் கோலிபார்ம் மட்டும் குளிக்கத்தக்க வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். ஆகவே, பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் நம்பி ஆற்றுநீர் கிருமியற்றது என்று முடிவு செய்துவிடாதீர்கள். மாநில வாரியம் வெளியிடும் அளவீடுகளில் மலக் கோலிபார்ம் எண்ணைத் தனியே பாருங்கள்.

அறிக்கைகளில் அகப்படாதவை

மாதம் ஒரு நாள் எடுக்கப்படும் மாதிரி, எஞ்சிய நாள்களில் நிகழ்வதைக் காட்டாது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை, தெருக்களிலும் வடிகால்களிலும் தேங்கிய கழிவு முழுவதையும் ஆற்றுக்குள் அடித்துச் செல்கிறது. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் பல்லாயிரம் மக்கள் ஒரே படித்துறையில் நீராடுகின்றனர். இவ்வேளைகளில் கிருமிகளின் அளவு சில மணி நேரத்திலேயே பன்மடங்கு உயரலாம். கோலிபார்ம் சோதனையின் முடிவு கிடைக்க ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை ஆகும். முடிவு வெளிவரும்போது, நீராடியவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள்.

சில நோய்க்கிருமிகளைக் கோலிபார்ம் எண்ணிக்கை காட்டுவதே இல்லை. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் செய்திகளில் பெரிதும் பேசப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல் இதற்குச் சான்று. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவுலேரி என்னும் அமீபா, மூக்கின் வழியாக நுழைந்து மூளையைத் தாக்குகிறது. அந்நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. இது மிக அரிதானது. ஆனால், பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. தேங்கிய குட்டைகளிலும் வெப்பமான நீர்நிலைகளிலும் தலை மூழ்கக் குளிப்பதைத் தவிர்ப்பதும், மூக்கைக் கழுவும் நேத்தி முறைக்குக் கொதித்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்துவதும் தகுந்த பாதுகாப்பாகும்.

ஆற்றிலிருந்து குழாய்வரை

ஆறு மாசுபட்டிருந்தால் வீட்டுக் குழாய் நீரும் அவ்வாறே இருக்கும் என்பது இல்லை. குடிநீர்த் திட்டங்களில் ஆற்றுநீர் தெளிய வைக்கப்பட்டு, மணற்படுகை வழியே வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்ட பின்னரே வழங்கப்படுகிறது. வழங்கப்படும் நீரில், கடைசித் தெருவின் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். குழாயில் எங்கேனும் கிருமி நுழைந்தால் அதை அழிப்பதற்கான காவல் இது.

குழாய் நீரில் ஏற்படும் தொற்றுகள் பலவும் ஆற்றில் தொடங்குவதில்லை. உடைந்த குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் சந்திக்கும் இடத்தில் தொடங்குகின்றன. நீர் விட்டுவிட்டு வழங்கப்படும்போது, அழுத்தம் குறைந்த குழாய் சுற்றியுள்ள அழுக்கை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆகவே, நீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, ஒரே தெருவில் பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ கண்டாலோ, உள்ளாட்சி அலுவலகத்திற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் அன்றே தெரிவியுங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சினால் போதுமா?

கிருமிகளைப் பொறுத்தவரை ஆம். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆற வைத்துப் பருகினால் பாக்டீரியா, வைரஸ், அமீபா ஆகிய அனைத்தும் அழியும். குளோரினுக்கு எளிதில் மடியாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் இதற்குத் தப்பாது. எனவே, நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் காய்ச்சிய நீரே உகந்தது.

கரைந்துள்ள வேதிப்பொருள்களைக் காய்ச்சி நீக்க முடியாது. நீர் ஆவியாகக் குறையும்போது உப்பு, நைட்ரேட், குரோமியம், ஃபுளோரைடு ஆகியவற்றின் செறிவு சற்றே கூடவும் செய்யும். பாலாற்றுப் படுகையிலும் நொய்யல் படுகையிலும் வாழ்பவர்களுக்கு இது முக்கியமானது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இலேயே முக்கியத் தீர்ப்பு வழங்கியது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், மாசுபடுத்தியவர்களிடமிருந்து அத்தொகையை வசூலிக்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. திருப்பூரில், கழிவை முற்றிலும் மறுசுழற்சி செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. வேதிக் கழிவு நிலத்தடியில் இறங்கிவிட்டால், ஆலை மூடப்பட்ட பின்னும் அது நெடுங்காலம் அங்கேயே தங்கும் என்பதை இந்த வரலாறு உணர்த்துகிறது.

இத்தகைய பகுதிகளில் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ குடிப்பவர்கள், அதை ஆய்வகத்தில் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குடிநீரில் மொத்தக் கரைதிடம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் ஏற்புடையது. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. நைட்ரேட்டின் வரம்பு 45 மில்லிகிராம். குரோமியத்தின் வரம்பு 0.05 மில்லிகிராம்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

டயாலிசிஸ் பெறுபவர்கள்: நான்கு மணி நேர இரத்தச் சுத்திகரிப்பு ஒன்றில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் உங்கள் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. அந்நீர் தனிச் சுத்திகரிப்புக்கு உட்பட்டே வருகிறது. வெள்ளக் காலங்களில் நகராட்சி நீரில் குளோரின் கூட்டப்படும். அது வடிகட்டப்படாமல் இரத்தத்தை அடைந்தால் சிவப்பணுக்கள் சிதையும். அந்நாள்களில் குளோரின் சோதனை செய்யப்பட்டதா எனச் சிகிச்சை மையத்தில் கேட்பது உங்கள் உரிமை. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் ஆற்றிலும் குளத்திலும் குளிப்பதை அறவே தவிர்க்கவும்.

நீரிழிவு நோயாளிகள்: பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், காலில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தை அறியாமலே மாசுபட்ட நீரில் நிற்கக்கூடும். ஆறாத புண் இருக்கும்வரை ஆற்றில் இறங்காதீர்கள்.

கல்லீரல் நோயாளிகள்: ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களின் உவர்நீரில் வாழும் சிலவகை விப்ரியோ பாக்டீரியாக்கள், கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்குக் காயத்தின் வழியே உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கும்.

கருவுற்ற பெண்கள்: ஹெபடைடிஸ் ஈ பெரும்பாலானோருக்குத் தானாகக் குணமாகும். ஆனால், கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால் 20 முதல் 25 விழுக்காட்டினர்வரை உயிரிழக்க நேரலாம். சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் காமாலை பரவுவதாகக் கேள்வியுற்றால், காய்ச்சிய நீரை மட்டுமே பருகவும்.

கைக்குழந்தைகள்: தாய்ப்பால் மட்டும் பருகும் குழந்தைக்கு ஆறு மாதம்வரை தண்ணீர் தேவையில்லை. மருத்துவ ஆலோசனையின்படி பால்மாவு கலக்க நேர்ந்தால், நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்தலாகாது. அது குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடும் தோலும் நீலம் பாயச் செய்யும்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும்: நேர்த்திக்கடனுக்காக நீராட விரும்பினால், முன்னரே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். காய்ச்சி ஆறிய நீரைத் தலையில் தெளித்துக்கொள்வது பாதுகாப்பானது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி

ஆற்று நீரால் வரும் நோய்கள் உடனே தலைகாட்டுவதில்லை. அமீபா மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் 1 முதல் 12 நாள்களுக்குள்ளும், எலிக்காய்ச்சல் 2 முதல் 30 நாள்களுக்குள்ளும், ஹெபடைடிஸ் ஏ 2 முதல் 7 வாரங்களுக்குள்ளும், ஹெபடைடிஸ் ஈ 2 முதல் 10 வாரங்களுக்குள்ளும் வெளிப்படுகின்றன. காய்ச்சல் தொடங்கும்போது, மூன்று வாரங்களுக்கு முன் நீராடியது பலருக்கு நினைவிருப்பதில்லை; மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. அந்த ஒரு செய்தி, தேவையான சோதனையை முதல் நாளிலேயே செய்ய உதவும். எங்கே, எந்த நாளில் ஆற்று நீரிலோ வெள்ள நீரிலோ இறங்கினீர்கள் என்பதைக் கட்டாயம் கூறுங்கள்.

பின்வரும் அறிகுறிகள் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்: கெண்டைக்கால் தசையில் கடும் வலியுடனும் கண் சிவப்புடனும் கூடிய காய்ச்சல், கண்ணோ சிறுநீரோ மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, காயத்தைச் சுற்றி வேகமாகப் பரவும் சிவப்பும் வலியும். வயிற்றுப்போக்கு கண்டவுடன் வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நீங்களும் கண்காணிக்கலாம்

அரசு அளவிடும் இடங்களுக்கு இடையே நெடுந்தொலைவு ஆறு அளவிடப்படாமல் ஓடுகிறது. சிற்றோடைகள் பல எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றை நாள்தோறும் பார்ப்பவர்கள் கரையில் வாழும் நீங்களே. நுரை, நிறமாற்றம், மீன்கள் செத்து மிதத்தல், புதிதாகத் திறக்கப்பட்ட கழிவுக் குழாய் ஆகியவற்றைக் கண்டால் நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் படமெடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்புங்கள். கற்களுக்கு அடியில் வாழும் சிறுபூச்சிகளும் சான்று கூறும்: மே ஈ, கல் ஈ ஆகியவற்றின் இளம்பருவங்கள் தூய நீரில் மட்டுமே தழைக்கும், சேற்றில் சிவந்த புழுக்கள் மட்டும் மலிந்திருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள்.

குடிநீரைப் பொறுத்தவரை, ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்க வழிவகை செய்யப்பட்டுள்ளது. பாக்டீரியாவைக் கண்டறியும் குப்பியில் நீரை நிரப்பி வைத்தால், மாசு இருப்பின் 24 முதல் 48 மணி நேரத்தில் அது கறுக்கும். உங்கள் ஊரில் அப்பயிற்சி பெற்றவர் யார், கடைசிச் சோதனை எப்போது நடந்தது, முடிவு என்ன என்பவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள். வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர் கேட்கும் இக்கேள்வி, அதே குழாயில் நீர் பிடிக்கும் அனைவரையும் காக்கும்.